ஏழாவது தோல்வி: நாலாவது குவார்ட்டர் வந்தாலே நம்ம ஆட்களுக்கு என்ன ஆகிறது?

நொய்யல்கரை | திருப்பூர் | சனி, 2025 ஜூன் 21, இரவு 11.42

புரோ லீக் ஹாக்கி: பெல்ஜியம் 6, இந்தியா 3. ஆன்ட்வெர்ப்பில் இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது. இதோடு இந்த ஐரோப்பியப் பயணத்தில் ஏழு ஆட்டம், ஏழு தோல்வி. ஒன்றாவது டிரா ஆகி ஷூட் அவுட் வரைக்கும் போகக் கூடாதா? போகவில்லை.

சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள். ஆட்களுக்குக் கணக்கு முடித்து, யூனிட்டைப் பூட்டி, டீக்கடையைத் தாண்டி வந்தால் அங்கே டிவியில் லீட்ஸ் டெஸ்ட். ரிஷப் பந்த் சதம் அடித்ததை நாலு பேர் கைதட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாக்கி ஆட்டம் இருக்கிறது, மாற்றுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டு மாற்றியும் விட்டால், அங்கே உட்கார்ந்து ஆறு கோல் வாங்குவதை ஊரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து போனில் பார்த்தேன்.

என் கோபம் இன்றைய 6-3 மேல் இல்லை. ஆறு கோல் வாங்கினால் அது தோல்வி, சரி. என் வயிற்றெரிச்சல் அதற்கு முந்தைய ஆட்டங்கள் மேல். வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

ஜூன் 7, நெதர்லாந்து. 1-1 என்று போன ஆட்டம். 58வது நிமிடம் கோல். தோல்வி.
ஜூன் 9, மறுபடி நெதர்லாந்து. 54இல் ஜுக்ராஜ் அடித்து 2-2 ஆக்கினார். மூன்றே நிமிடம் தாங்கினோம். 57இல் கோல். தோல்வி.
ஜூன் 11, அர்ஜென்டினா. 46இல் கோல், 3-4.
மறுநாள் அதே அர்ஜென்டினா. 49இல் கோல், 1-2.
ஜூன் 14, ஆஸ்திரேலியா. அபிஷேக் இரண்டு போட்டு 2-0 என்று முன்னால் இருந்தோம். 42, 56, 60. முடிந்தது, 2-3.
ஜூன் 15, ஆஸ்திரேலியா. மறுபடியும் அதே 2-3.

ஐந்து ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த கோல் நாலாவது குவார்ட்டரில், அதாவது கடைசிப் பதினைந்து நிமிடத்தில், விழுந்திருக்கிறது. தொழில் பாஷையில் சொன்னால், துணி சரி, கட்டிங் சரி, தையல் சரி, அயர்னும் சரி. பெட்டி கட்டும்போது பீஸில் எண்ணெய்க் கறை. பையர் என்ன செய்வான், முழு லாட்டையும் திருப்பி அனுப்புவான். 59 நாள் பாடுபட்டேன் என்று அவனிடம் போய்ச் சொல்ல முடியுமா?

எங்கள் அப்பா அந்தக் காலத்தில் மில் அணிக்கு லெஃப்ட் பேக் ஆடியவர். இந்தப் பயணம் முழுக்க அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது குவார்ட்டர் முடிந்ததும் எழுந்து துண்டை உதறி, "எருமைக்குச் சோளத் தட்டு போட்டுட்டு வர்றேன்" என்று கட்டுத்தரைக்குப் போய்விடுவார். எருமைக்குச் சாயங்காலமே தட்டு போட்டாயிற்று என்பது எனக்கும் தெரியும், எருமைக்கும் தெரியும்.

சிறுவாணி | கோவை | ஞாயிறு காலை 7.05

அண்ணா, வயிற்றெரிச்சல் புரியுதுங்க. ஆனால் கொஞ்சம் நியாயமாகப் பேசலாம். முதல் ஆறு தோல்வியும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். யாரிடம்? நெதர்லாந்து பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணி. பெல்ஜியம் டோக்கியோவில் தங்கம். அர்ஜென்டினா ரியோவில் தங்கம். ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்களோடு வெளியூரில், ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு ஆட்டம் என்று ஆடி ஒரு கோலில் தோற்கிறோம் என்றால், அணி அவ்வளவு மோசமாக இல்லை என்றுதான் அர்த்தம்.

2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் இறுதி ஆட்டத்தில் இதே ஆஸ்திரேலியா நமக்கு 7-0 கொடுத்தது. போன வருடம் பெர்த்தில் ஐந்து ஆட்டத் தொடரை 5-0 என்று முழுசாகக் கொண்டுபோனது. அதற்கு அப்புறம் பாரிஸில் அவர்களை 3-2 என்று அடித்தோமே, ஒலிம்பிக்கில் 1972க்குப் பிறகு முதல் தடவையாக. அப்போது இதே ஃபுல்டன்தானே கோச்? அன்றைக்குத் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். அதுவும் பத்து மாதம்தான் ஆகிறது.

நொய்யல்கரை | திருப்பூர் | ஞாயிறு காலை 7.31

தம்பி, ஒரு தடவை ஒரு கோலில் தோற்றால் துரதிர்ஷ்டம். இரண்டு தடவை என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு தடவை வரிசையாக ஒரே மாதிரி தோற்பதற்குத் துரதிர்ஷ்டம் என்றா பெயர்? தறியில் தினமும் அதே இடத்தில் இழை அறுந்தால் நூலைக் குறை சொல்வாயா, தறியைப் பார்ப்பாயா?

நமக்குக் கடைசி நேரம் ஆடத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. அதுதான் என் ஆதங்கமே. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்துக்கு நான் ரயிலேறிச் சென்னை போனேன். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். பாதி ஆட்டத்தில் மலேசியா 3, நாம் 1. பக்கத்தில் இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். 45வது நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல். 56இல் ஆகாஷ்தீப். 4-3. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு நாலாவது குவார்ட்டர் நம்முடையது. இப்போது அதை யாரிடம் விற்றோம்?

பொள்ளாச்சிச்சந்தை | ஞாயிறு காலை 8.10

ஹாக்கி எல்லாம் இன்னும் யாராவது பார்க்கிறீர்களா? பேசாமல் டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் திருப்பூர் தமிழன்ஸ் ஆட்டம் பாருங்க, மனசுக்கு நல்லது.

நொய்யல்கரை | திருப்பூர் | ஞாயிறு காலை 8.14

அதையும் பார்க்கிறேன்ங்க. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கக் கூடாதா?

சென்டர்ஹாஃப் | சேலம் | ஞாயிறு காலை 9.20

நான் பல்கலைக்கழக அணிக்கு ஆடினவன். முப்பது வருடத்துக்கு முந்தைய கதை, அதை விடுங்கள். நொய்யல்கரை போட்ட பட்டியலில் ஒரு சின்னத் திருத்தம். 46வது நிமிடத்தையும் 49வது நிமிடத்தையும் கடைசி நேரக் கோல் என்று சேர்க்காதீர்கள். 46 என்பது நாலாவது குவார்ட்டரின் முதல் நிமிடம். அதற்குப் பிறகு பதினாலு நிமிடம் மிச்சம் இருந்தது. அங்கே கேள்வி ஏன் வாங்கினோம் என்பது இல்லை, பதினாலு நிமிடத்தில் ஏன் ஒன்றைத் திருப்பிப் போட முடியவில்லை என்பது. அது வேறு வியாதி.

58, 57, 60, இந்த மூன்றும்தான் உண்மையான கடைசி நேரக் கோல். அதற்கு எனக்குத் தெரிந்த காரணம் சொல்கிறேன்.

இன்றைய ஹாக்கியில் ஆள் மாற்றத்துக்கு வரம்பு கிடையாது. ஃபார்வர்டு ஐந்தாறு நிமிடம் வெறித்தனமாக ஓடுவான், வெளியே வருவான், தண்ணீர் குடிப்பான், மறுபடி போவான். டிஃபென்ஸ் அப்படி இல்லை. நம்பிக்கையான இரண்டு மூன்று பேக் தான் பெரும்பாலும் உள்ளேயே நிற்பார்கள். 55வது நிமிடத்தில் எதிரணியின் ஃபார்வர்டு புதுக் கால்களோடு வருகிறான். நம் பேக் ஐம்பது நிமிடம் குனிந்தே நின்றவன். அவன் என்ன செய்வான்? காலை நகர்த்திப் போய்த் தடுக்க வேண்டிய இடத்தில், நின்ற இடத்திலிருந்து ஸ்டிக்கை மட்டும் நீட்டுவான். பந்து காலில் படும். பெனால்டி கார்னர். நீட்டின ஸ்டிக்குக்கு ஒரு கார்டு வந்தால் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ ஆள் குறைவு. இதைத் திடலில் நின்றவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், பந்தை வைத்துக்கொள்ளத் தெரியாதது. 2-2 என்று இருக்கும்போது மூன்று நிமிடம் மிச்சம் என்றால், பந்தை எதிரணியின் கார்னர் கொடிப் பக்கம் கொண்டுபோய் அங்கேயே மல்லுக்கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாக்காரன் அதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறான். பந்தைக் கோட்டோரமாக ஒட்டி வைத்து, நம் ஸ்டிக்கில் பட்டு வெளியே போக வைப்பான். மறுபடி அவனுக்கே பந்து. அரை நிமிடம் போச்சு. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தைரியமாக நடுவழியே பாஸ் போடுகிறார்கள். ரத்தத்தில் ஊறினது அது. அடிக்கணும், ஜெயிக்கணும். 2-2ஐ 2-2ஆகவே வைத்திருந்து ஷூட் அவுட்டுக்குப் போவது நமக்குக் கேவலமாகத் தெரிகிறது. போயிருந்தால் ஒரு புள்ளியாவது கையில்.

ரைட்இன் | ஈரோடு | ஞாயிறு காலை 10.02

சென்டர்ஹாஃப் அண்ணா சொன்னது சரிங்க. நான் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். என் பார்வையில் இன்னொன்றும் இருக்கிறது. கோல் கம்பத்திலிருந்து வரும் குரல்.

ஸ்ரீஜேஷ் பாரிஸோடு ஓய்வு பெற்றார். 16ஆம் எண் ஜெர்சியையும் அவரோடு சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் தடுத்த பந்துகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அவர் கத்தினதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அறுபது நிமிடமும் வாய் ஓயாது. "இடது பக்கம் பார்", "அவனை விடாதே", "வெளியே தள்ளு". களைத்துப் போன பேக்குக்கு அந்தக் குரல்தான் இரண்டாவது மூளை. டோக்கியோவில் ஜெர்மனியோடு 5-4 என்று இருக்கும்போது, ஆறு ஏழு நொடி மிச்சத்தில் ஒரு பெனால்டி கார்னர் வந்ததே, ஞாபகம் இருக்கா? நான் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன், டிவி பக்கம் திரும்பவே இல்லை. அவர் தடுத்தார். நாற்பத்தொரு வருடம் கழித்துப் பதக்கம் வந்தது.

பதக்கும் கர்கேராவும் மட்டமான கீப்பர்கள் என்று சொல்ல மாட்டேன். பதக் எத்தனையோ வருடம் ஸ்ரீஜேஷ் நிழலிலேயே காத்திருந்தவர். ஆனால் குரல் ஒரே நாளில் வராது. ஆட்டத்துக்கு ஆட்டம் கீப்பரை மாற்றிக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். பேக் யாருடைய குரலுக்குப் பழகுவான்?

கேப்டன் ஹர்மன்பிரீத் விரலில் அடிபட்டு நடுவில் வெளியே இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரிஸில் பத்து கோல் போட்ட கை அது.

பெண்கள் அணி நிலைமை இதைவிட மோசம். அதைப் பற்றிப் பேச ஒரு இழையை இதுவரை யாரும் தொடங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நொய்யல்கரை | திருப்பூர் | ஞாயிறு காலை 10.40

அக்கா, கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான அடி.

அண்ணா சொன்ன திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லைங்க, இன்னும் மோசமாக இருக்கிறது. கடைசி நிமிடத்தில் வாங்கவும் செய்கிறோம், பதினாலு நிமிடம் கொடுத்தால் திருப்பிப் போடவும் முடியவில்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

புள்ளிக் கணக்கையும் பாருங்கள். பிப்ரவரியில் புவனேஸ்வரில் எட்டு ஆட்டம் ஆடினோம். ஐந்து வெற்றி, 15 புள்ளி. ஜெர்மனியை 1-0, இங்கிலாந்தை 2-1 என்று எல்லாம் அடித்தோம். ஐரோப்பாவுக்குப் போகும்போது மூன்றாவது இடத்தில் இருந்தோம். புரோ லீக்கில் முதலிடம் பிடித்தால் அடுத்த வருட உலகக் கோப்பைக்கு நேராகச் சீட்டு. இப்போது ஏழு ஆட்டம் கழித்தும் அதே 15. மழைக்கு முன்னால் தூர்வாரின குளம் மாதிரி, ஒரு சொட்டு ஏறவில்லை. ஒன்பது அணிகளில் கடைசி இடம் என்றால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அயர்லாந்து இன்னும் மோசமாக ஆடிக்கொண்டிருக்கிற புண்ணியத்தில் தலை தப்பியது.

சிறுவாணி | கோவை | ஞாயிறு காலை 11.15

உலகக் கோப்பைக்கு ஆகஸ்ட் கடைசியில் பீகார் ராஜ்கிரில் ஆசியக் கோப்பை இருக்கிறதுங்க அண்ணா. அதில் ஜெயித்தால் நேராகப் போகலாம். பயிற்சியாளர்கள் இந்தப் பயணத்தை ஆட்களைச் சோதித்துப் பார்க்கத்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நொய்யல்கரை | திருப்பூர் | ஞாயிறு காலை 11.22

சோதனை சரி தம்பி. ஏழு தடவையும் ஒரே ரிசல்ட் வந்தால் சோதனை முடிந்தது என்று அர்த்தம்.

தறிச்சத்தம் | சோமனூர் | ஞாயிறு மதியம் 1.30

எல்லாரும் ஆன்ட்வெர்ப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நம்ம பக்கம் என்ன நிலைமை? கோயமுத்தூரில் பிறந்த ஆடம் சின்க்ளேர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். அதற்கு அப்புறம் கொங்கு மண்ணிலிருந்து யார் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று ஒரு பெயர் வாயில் வரவில்லை. அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் வந்தார். கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு ஸ்டிக் இருக்கிறது. இங்கே?

நான் படித்த பள்ளியில் ஹாக்கித் திடல் ஒன்று இருந்தது. செம்மண். ஆனி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வீசினால் பந்து எங்கே போகிறது என்றே தெரியாது, புழுதிதான் தெரியும். இப்போது பாதித் திடலில் வண்டி நிறுத்துகிறார்கள். மிச்சப் பாதியில் கிரிக்கெட் வலை.

ரைட்இன் | ஈரோடு | ஞாயிறு மதியம் 2.05

அந்தப் புழுதியில் ஆடின பிள்ளையை நேராக டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? மண்ணில் பந்து குதிக்கும். அதனால் பிள்ளை பந்தை முதலில் நிறுத்தி, அப்புறம் பார்த்து, அப்புறம் அடிக்கப் பழகியிருக்கும். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். நிறுத்துகிற நேரத்தில் எதிராளி இரண்டு பேர் மேலே வந்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் பந்தைத் தேடுவதிலேயே போய்விடும். ஊக்கமான பிள்ளைகள்தான். வருடத்தில் இரண்டே தடவை பார்க்கிற தரையில் ஆடச் சொன்னால் அவர்களும் என்ன செய்வார்கள்?

போன வருடம் ஒரு பிள்ளை கேட்டாள், "மிஸ், இது ஐஸ் மாதிரி இருக்கு, நம்ம கிரவுண்ட எப்ப இப்படி ஆக்குவாங்க?" நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சென்டர்ஹாஃப் | சேலம் | ஞாயிறு மதியம் 2.30

இதுவும் நாலாவது குவார்ட்டரும் ஒரே விஷயம்தான் அம்மிணி. பெல்ஜியத்தில் ஆறு வயசுப் பிள்ளை டர்ஃபில்தான் ஸ்டிக்கைப் பிடிக்கிறது. அவனுக்குக் களைத்துப் போனாலும் கை தானாக வேலை செய்யும். நம் பையன் மண்ணில் கற்று, விடுதியில் சேர்ந்து, பதினைந்து வயசுக்கு மேல் டர்ஃபுக்கு மாறுகிறான். தெம்பு இருக்கிற வரைக்கும் புதிதாகக் கற்றது கையில் நிற்கும். களைத்தால் பழைய கை வந்துவிடும். 58வது நிமிடத்தில் நான் பார்ப்பது அந்தப் பழைய கையைத்தான். கோச்சை மாற்றினால் இது மாறாது.

நொய்யல்கரை | திருப்பூர் | ஞாயிறு மதியம் 3.12

இதை நான் யோசிக்கவில்லைங்க. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தச் சேலத்துக்காரர் ஆடினவர்தான்" என்றார். அவரிடம் இதற்கு மேல் பாராட்டு வராது.

ஆனாலும் பயிற்சியாளரை நான் முழுசாக விட மாட்டேன். பழைய கை வரும் என்று தெரிந்தால், 55வது நிமிடத்தில் யார் உள்ளே இருக்க வேண்டும், யார் வெளியே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. இன்றைக்கு மறுபடி அதே பெல்ஜியம். கடைசி ஆட்டம். பார்க்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சிரித்தார்கள்.

சிறுவாணி | கோவை | ஞாயிறு இரவு 11.30

4-3!!!! அண்ணா எங்கே இருக்கீங்க? ஹர்மன்பிரீத், 59வது நிமிடம்! நாம் போட்டது! 59!

தறிச்சத்தம் | சோமனூர் | ஞாயிறு இரவு 11.34

சுக்ஜீத் இரண்டு, ரோஹிதாஸ் ஒன்று. முன்னிலையில் இருந்து 3-3 ஆனதும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நல்லவேளை, மனசு கேட்காமல் திருப்பிப் பார்த்தேன்.

சென்டர்ஹாஃப் | சேலம் | ஞாயிறு இரவு 11.50

சந்தோஷம். ஆனால் முன்னிலையை விட்டுக்கொடுத்ததை மறக்க வேண்டாம். மற்றதை நாளைக்குப் பேசுவோம்.

பொள்ளாச்சிச்சந்தை | ஞாயிறு இரவு 11.58

யார் ஜெயிச்சது? திட்ட வேண்டாம், சும்மாதான் கேட்டேன். நானும் பார்த்தேன்.

நொய்யல்கரை | திருப்பூர் | திங்கள் காலை 6.25

பார்த்தேன், பார்த்தேன். கத்தினதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் ராத்திரி இங்கே எழுத முடியவில்லை.

அப்பா 3-3 ஆன அந்த நிமிடமே துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கட்டுத்தரைக்குப் போய்விட்டு அப்படியே திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டார். நானும் எழுப்பவில்லை.

காலையில் பால் கறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "அப்பா, 59வது நிமிசத்துல கோலு" என்றேன்.

தலையைக்கூடத் திருப்பவில்லை. "அதுதான் தெரியுமே கண்ணு. அதுக்குத்தான நான் எந்திரிச்சுப் போனேன்."

"நம்ம ஆளுங்க போட்டதுப்பா."

கறக்கிற கை நின்றது. எருமை திரும்பிப் பார்த்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனைக் கேட்டு வாங்கினார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து அந்த ஒரு கோலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பால் பாதி கறந்த செம்போடு நான் நிற்கிறேன். சொசைட்டி வண்டி வருகிற நேரம்.